கடல் விமானம் நம் படைக்கு வேண்டுமா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு வழி

ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருப்பதாலோ என்னவோ, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விமானம் என்றால் தனிக் கிறுக்கு. படை அதிகாரி தேர்வுக்குப் படிக்கிறவர்கள் குழு விவாதத்துக்குத் தயாராகும்போது என்னிடம் வருவார்கள். கடற்படையில் விமானப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்த மரியாதை. அடிக்கடி வருகிற கேள்வி இது: "மாமா, தண்ணியிலயே இறங்கி ஏறுற விமானத்த நம்ம நேவி வாங்கணுமா, வேண்டாமா?"

வாங்கு என்று நானும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. ஒரு தாளும் பேனாவும் எடுக்கச் சொல்வேன். இந்த விமானங்களைப் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் படத்தைப் பார்த்து மயங்கியவர்கள், மீதிப் பேர் பழைய காலத்துச் சாமான் என்று ஒதுக்கியவர்கள். கீழே சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போனால் எந்த நாட்டுப் படைக்கும் பதில் கிடைக்கும். கடல் எப்படி நடந்துகொள்ளும் என்று காட்ட நம் ராமநாதபுரக் கரையை எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் எந்த விமானத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முடித்துவிடுவோம். சாதாரண விமானத்தில் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு மிதவை மாட்டியது ஒரு வகை. 2020 அக்டோபரில் சபர்மதியிலிருந்து ஒற்றுமைச் சிலைக்கு ஓடத் தொடங்கி, 2021 ஏப்ரலில் நின்றுபோன சேவை நினைவிருக்கும், அதில் பறந்த ட்வின் ஆட்டர் இந்த வகை. விமானத்தின் வயிறே படகாக இருந்தால் பறக்கும் படகு. அதற்குச் சக்கரமும் வைத்து ஓடுபாதையிலும் இறங்கும்படி செய்தால் நிலநீர் விமானம். ஜப்பானின் யுஎஸ்-2, ரஷ்யாவின் பிஇ-200, சீனாவின் ஏஜி600 எல்லாம் இதில் சேரும். படைக்கு என்று பேசும்போது இந்தக் கடைசி வகையைத்தான் பேச வேண்டும். நம் கடற்படைக்கு இது புதிதும் இல்லை. 1953-ல் அதற்கு வந்து சேர்ந்த முதல் விமானங்களே சீலேண்ட் என்ற நிலநீர் விமானங்கள்தான். மொத்தம் பத்து, கொச்சியில் நின்றன.

வேலையை ஒரே வரியில் எழுதுங்கள்

தாளின் மேலே, இந்த விமானம் செய்ய வேண்டிய வேலையை எழுதுங்கள். "கடல் பாதுகாப்பு" என்று எழுதினால் அடித்துவிடுவேன். யாருக்கு, எங்கே, எத்தனை மணி நேரத்துக்குள், என்ன செய்ய வேண்டும்? இந்த நாலுக்கும் பதில் இருந்தால்தான் அது வேலை.

கண்காணிப்பு என்று எழுதுகிறவர்கள் அதிகம். அதற்கு ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது, நமக்குப் பக்கத்திலேயே. 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலவிலிருந்து கிளம்பிய கேட்டலினா பறக்கும் படகு ஒன்று, தெற்கே சுமார் 350 மைல் தூரத்தில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் கூட்டத்தைக் கண்டது. விமானி லியோனார்ட் பர்ச்சால், கனடாக்காரர். கண்டதைக் கம்பியில்லாத் தந்தியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்திவிட்டார்கள். பிழைத்தவர்கள் போர் முடியும் வரை ஜப்பானியச் சிறையில் கிடந்தார்கள். ஆனால் செய்தி கொழும்புக்குப் போய்விட்டது. சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றம் ஏரியிலும் அந்தக் காலத்தில் கேட்டலினாக்கள் நின்றன.

இதைச் சொன்னதும் பிள்ளைகளின் கண் மின்னும். சரி, ஆனால் அந்தக் கேட்டலினா கப்பலைப் பார்ப்பதற்குத் தண்ணீரில் இறங்கவில்லையே. நீளமான ஓடுபாதை கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில் ஏரியும் கடலும் ஓடுபாதையாக இருந்தன. போர் நடக்க நடக்க உலகம் முழுக்கக் கான்கிரீட் ஓடுபாதை போட்டுவிட்டார்கள், பறக்கும் படகின் பிழைப்பும் அதோடு போயிற்று. படகு வயிறு காற்றை இழுக்கும்; அதே எரிபொருளில் நிலத்து விமானம் கூடுதல் தூரம் போகும், கூடுதல் சுமை தூக்கும். இன்றைக்கு அரக்கோணத்தில் இருக்கும் ராஜாளி கடற்படை விமானத்தளத்திலிருந்து பி-8ஐ என்ற நிலத்துக் கண்காணிப்பு விமானம் கிளம்பி வங்கக் கடலைச் சுற்றிவிட்டு வருகிறது. 2009-ல் எட்டு, 2016-ல் இன்னும் நாலு என்று நாம் வாங்கியது அதைத்தான். கண்காணிப்பு என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

நீர்மூழ்கி வேட்டை? ஜப்பான் அதையும் செய்து பார்த்தது. பிஎஸ்-1 என்ற விமானம் கடலில் இறங்கி, ஒலி கேட்கும் கருவியைத் தண்ணீருக்குள் விட்டுத் தேடும் என்பது திட்டம். 23 கட்டினார்கள். அதற்குள் விமானத்திலிருந்தே தண்ணீரில் எறிந்துவிட்டுப் போகிற சிறு மிதவைக் கருவிகள் நன்றாக வளர்ந்துவிட்டன, இறங்க வேண்டிய தேவையே போய்விட்டது. 1989-ல் அந்த விமானங்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆனால் அதே உடம்பை மீட்பு வேலைக்கு மாற்றி யுஎஸ்-1 செய்தார்கள், அது நிலைத்தது. அதன் வாரிசுதான் யுஎஸ்-2. ஒரே விமானம், ஒரு வேலையில் தோற்று இன்னொன்றில் ஜெயித்தது. வேலையை முதலில் எழுதச் சொல்வது இதனால்தான்.

கமாண்டோக்களை இறக்குவது என்று சிலர் எழுதுவார்கள். நாலு எஞ்சின் போட்ட பெரிய விமானம் எதிரி கரைக்குப் பக்கத்தில் தண்ணீரில் மிதந்துகொண்டு நிற்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அமெரிக்கா தன் சி-130 சரக்கு விமானத்துக்கு மிதவை மாட்டப் போவதாக 2021-ல் அறிவித்தது, அப்புறம் அதை நிறுத்தி வைத்தது.

எல்லாம் அடித்த பிறகு தாளில் இரண்டு மிஞ்சும். நடுக்கடலில் தவிக்கிறவர்களை மீட்பது, ஓடுபாதை இல்லாத தீவுக்கு அவசரமாகப் போய் வருவது. இனி வரும் கணக்கெல்லாம் இந்த இரண்டுக்குத்தான்.

அலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பாம்பன் சாலைப் பாலத்தில் ஆடி மாதம் போய் நில்லுங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தெற்கே மன்னார் வளைகுடா நுரை கக்கும், வடக்கே பாக் நீரிணைப் பக்கம் படுத்துக் கிடக்கும். வாடைக் காலம் வந்தால் வடக்குக் கடல் எழும்பும், தெற்கு அடங்கும். வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்று எங்கள் ஆட்கள் சும்மா பேர் வைக்கவில்லை. ஒரு பாலத்தின் இரண்டு கைப்பிடிச் சுவருக்கு நடுவில், ஒரே நேரத்தில், விமானம் இறங்கக்கூடிய கடலும் இறங்கக்கூடாத கடலும் இருக்கும். ஆகவே "கடலில் இறங்கும் விமானம்" என்று சொன்னால் எந்தக் கடல், எந்த மாதம் என்று கேளுங்கள்.

யுஎஸ்-2 மூன்று மீட்டர் அலையிலும் இறங்கும் என்கிறார்கள். பிஇ-200-க்கு 1.2 மீட்டர் வரைதான். இரண்டும் ஒரே சாதி விமானம் என்று ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியில்லை என்பது இந்த ஒரு எண்ணிலேயே தெரியும். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் மீனவர்களுக்காக வெளியிடும் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். அதில் வரும் அலை உயரம் என்பது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. இரண்டு மீட்டர் என்று போட்டிருந்தால் இடையில் ஒன்று நாலு மீட்டரை ஒட்டியும் எழும்பும். விமானத்தை உடைப்பது அந்த ஒன்றுதான்.

மாதவாரியாக ஒரு பட்டியல் போடுங்கள். வேலை நடக்க வேண்டிய இடத்தில், வருஷத்தில் எத்தனை நாள் அலை அந்த வரம்புக்குள் இருக்கிறது? கரையோர அலையை எழுதி ஏமாறாதீர்கள். மீட்பு தேவைப்படுகிற நாள் பெரும்பாலும் கடல் கெட்டுப்போன நாளாக இருக்கும் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரி மீனவர்களை அடித்துக்கொண்டு போனபோது கடல் எப்படி இருந்தது என்று அந்த ஊரில் யாரிடமும் கேட்கலாம். அந்த முதல் இரண்டு நாள் எந்தக் கடல் விமானமும் அங்கே இறங்கியிருக்காது. அலை தணிந்த பிறகு, தூரத்தில் மிதந்துகொண்டிருந்தவர்களைத் தேடிய நாட்களில் உதவியிருக்கலாம்.

இறங்குவது பாதி வேலைதான். 1945 ஆகஸ்ட் 2-ல், மூழ்கிப்போன அமெரிக்கப் போர்க்கப்பல் இண்டியானாபொலிஸின் மாலுமிகள் பசிபிக் கடலில் சுறாக்களுக்கு நடுவே மிதந்துகொண்டிருந்தார்கள். ஏட்ரியன் மார்க்ஸ் என்ற விமானி, திறந்த கடலில் இறங்கக்கூடாது என்ற உத்தரவையும் மீறித் தன் கேட்டலினாவை இறக்கினார். 56 பேரை ஏற்றினார். உள்ளே இடம் போதாமல் இறக்கைமேல் படுக்க வைத்துக் கட்டினார்கள். ஆனால் அந்த விமானம் மறுபடி எழும்பவே இல்லை. கப்பல் வரும் வரை ஒரு மிதக்கும் திண்ணையாக நின்றது, ஆட்களை மாற்றிய பிறகு அதைச் சுட்டு மூழ்கடித்துவிட்டார்கள். 56 உயிர் என்பது சின்னக் காரியமில்லை. ஆனாலும் விமானம் விற்க வருகிறவரிடம் "எத்தனை மீட்டர் அலையில் இறங்கும்" என்று கேட்டபின், "ஆளை ஏற்றிக்கொண்டு அதே அலையில் எழும்புமா" என்றும் கேளுங்கள்.

எழும்புவது ஏன் கஷ்டம் என்றால், தண்ணீர் விமானத்தின் வயிற்றைப் பிடித்து இழுக்கும். ஈரத் தரையில் கவிழ்த்த தட்டை எடுக்கிற மாதிரி. அதனால்தான் வயிற்றின் நடுவில் ஒரு படி வெட்டியிருப்பார்கள். அங்கே காற்று புகுந்து தண்ணீர் விட்டுவிடும். யுஎஸ்-2-வில் இன்னொரு வித்தையும் உண்டு. பறக்க நாலு எஞ்சின் போக, ஐந்தாவதாக ஒரு எஞ்சின் உள்ளே இருக்கிறது. அதன் வேலை இறக்கை மேலும் வால் மேலும் காற்றை ஊதுவது மட்டும்தான். அந்த ஊதலால் விமானம் மிக மெதுவாகப் பறந்தும் விழாமல் நிற்கும், 300 மீட்டர் சுமாருக்குள் இறங்கிவிடும், அதைவிடக் கொஞ்சம் குறைவான தூரத்தில் ஏறிவிடும். நான் பராமரிப்புக்காரன், எனக்கு இதைப் பார்த்தால் இரண்டு விதமாகத் தோன்றும். ஒன்று, அடேயப்பா. இன்னொன்று, பார்த்துக்கொள்ள ஒரு எஞ்சின் கூடுதல்.

விளம்பரத் தாளில் போட்டிருக்கும் எடையையும் அப்படியே நம்பாதீர்கள். ஓடுபாதையிலிருந்து யுஎஸ்-2 47.7 டன்னோடு கிளம்பும், கடலிலிருந்து 43 டன்தான். அந்த 4.7 டன் வித்தியாசம் எரிபொருளாகவோ ஆளாகவோ குறையும். தூரக் கணக்குப் போடும்போது கடல் எண்ணை எடுங்கள்.

அலையே இல்லாத கண்ணாடித் தண்ணீர் பாதுகாப்பானது என்று நினைப்பீர்கள். தேவிபட்டினம் பக்கம் காற்றுச் செத்த காலை நேரத்தில் கடலைப் பாருங்கள், வானம் எங்கே முடிகிறது தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. விமானிக்கும் தெரியாது. உயரம் பிடிபடாமல் நேரே தண்ணீரில் குத்திவிடுவார்கள். அதனால் அப்படிப்பட்ட நீரில் இறங்கக் கரையோரத்தைப் பார்த்துக்கொண்டு, மூக்கைச் சற்றுத் தூக்கி, மெல்ல மெல்லத் தணிந்து வரும் ஒரு தனி முறையைப் பழக்குவார்கள்.

தூரத்தை நேரமாக மாற்றுங்கள்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து 50 கி.மீ. தூரத்தில் ஒரு வத்தை, அதாவது சின்ன மீன்பிடிப் படகு, கவிழ்ந்துவிட்டது என்று வையுங்கள். மண்டபம் கடலோரக் காவல்படையிடம் மிதவை ஊர்தி இருக்கிறது. ஹோவர்கிராஃப்ட் என்று சொன்னால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மணிக்கு 45 கடல்மைல் வேகத்தில் முக்கால் மணி நேரத்துக்குள் அங்கே நிற்கும். மணல்திட்டு, ஒரு முழத் தண்ணீர், எதுவும் அதற்குப் பொருட்டில்லை. ஹெலிகாப்டர் இன்னும் சீக்கிரம் போகும். பாக் நீரிணை ஆழமில்லாத கடல். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 30 கி.மீ. கூட இல்லை, நடுவில் முழுக்க ராமர் பாலத்துத் திட்டுகள். இந்தக் கடலுக்குக் கடல் விமானம் வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர் இங்கே வந்ததே இல்லை என்று அர்த்தம்.

இப்போது தூரத்தை 1,000 கி.மீ. ஆக்குங்கள். ஹெலிகாப்டர் ஆட்டத்திலேயே இல்லை. கரையிலிருந்து 200, 250 கி.மீ. போய், மிதந்து நின்று ஆளைத் தூக்கித் திரும்பினால் அதுவே பெரிசு. மணிக்கு 20 கடல்மைல் வேகத்தில் போகும் கப்பலுக்கு 27 மணி நேரம் ஆகும். யுஎஸ்-2 மணிக்கு 480 கி.மீ. வேகத்தில் இரண்டு மணி நேரச் சொச்சத்தில் போய்விடும். 2013 ஜூனில் இப்படித்தான், ஜப்பானிலிருந்து சுமார் 1,200 கி.மீ. தூரத்தில் பாய்மரப் படகு மூழ்கி மிதவையில் கிடந்த இரண்டு பேரை யுஎஸ்-2 கொண்டுவந்தது. அதிலும் முதலில் போன விமானம் அலை தாங்காமல் திரும்பியது, இரண்டாவதாகப் போனதுதான் இறங்கியது. ஒன்று வாங்கினால் போதுமா என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது.

டோக்கியோவுக்குத் தெற்கே 1,000 கி.மீ. தள்ளி ஒகசவாரா தீவுகள், விமான நிலையம் கிடையாது. அவசர நோயாளிகளை ஏற்றி வருவது அங்கே இந்த விமானத்தின் வழக்கமான வேலை. நமக்கு அந்தமான், நிக்கோபார் வடக்கிலிருந்து தெற்கே 700 கி.மீ.க்கு மேல் நீண்டு கிடக்கிறது. ஆனால் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), கார் நிக்கோபார், கேம்பல் பே, ஷிப்பூர் என்று ஓடுபாதைகள் இருக்கின்றன. லட்சத்தீவில் அகத்தி ஒன்றுதான், ஆனால் பவளப்பாறை வளையத்துக்குள்ளே அலை அடங்கிய நீர் உண்டு. தீவுகளின் பட்டியலை எடுத்து, ஓடுபாதை இருப்பதையும் ஹெலிகாப்டர் ஒரே மூச்சில் எட்டுவதையும் அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். மிச்சம் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும்.

உப்புக்கு யார் பதில் சொல்வது?

இது என் பேட்டை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் தொடாமல் கடல்மேல் தாழப் பறந்து வரும் விமானத்துக்கே எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவோம். டார்ச்சும், கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு சக்கர அறைக்குள் தலையை விட்டால் ரிவெட் தலையைச் சுற்றி வெள்ளையாக மாவு பூத்திருக்கும். அது அலுமினியம் அரித்த தூள். பெயிண்ட் ஓரிடத்தில் லேசாக உப்பியிருந்தால் நகத்தால் அழுத்திப் பார்ப்போம்; பொலபொலவென்று உள்ளே போனால் அந்தத் தகடு போச்சு. எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் சீக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும். மேலே பறந்ததற்கே இந்தப் பாடு என்றால், கடலில் உட்கார்ந்து எழுந்த விமானத்துக்கு ஒவ்வொரு முறையும் முழுக்குளியல் வேண்டும், சக்கரக் கதவு, பிரேக், வயிற்றில் தேங்கிய நீர் எல்லாம் சேர்த்து.

ஆகவே தளம் எங்கே என்று எழுதினால் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும் என்றும் எழுதுங்கள். குடிக்கிற தண்ணீருக்கே காவிரியை எதிர்பார்க்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு நான் இதைக் கேட்பதில் ஆச்சரியமில்லை. சின்னத் தீவுகளிலும் இதே கதைதான். கழுவுகிற ஆட்களின் சம்பளம், ஒரு விமானம் கொட்டகையில் இருக்கும்போது பறக்க இன்னொன்று, இதெல்லாம் விலைப் பட்டியலில் வராது.

தண்ணீர் யாருடையது என்றும் கேட்க வேண்டும். 2013-ல் கேரளா காயல்களில் கடல் விமானம் விட முயன்றபோது மீனவர்கள் எதிர்த்தார்கள். பாக் நீரிணையில் ராத்திரி போட்ட வலை விடிகிற வரை மிதந்து கிடக்கும், தெற்கே 21 தீவுகளோடு கடல்வாழ் தேசியப் பூங்கா. பயிற்சிக்கு என்று நீள நீரை அடைத்தால் சண்டை நிச்சயம்.

கடைசியில் விலை

2013-க்குப் பிறகு நாம் ஜப்பானிடம் யுஎஸ்-2 வாங்கப் பேசினோம். 12 விமானத்துக்கு சுமார் 165 கோடி டாலர் என்று செய்திகளில் அடிபட்டது. ஒன்றுக்கு 13 கோடி டாலருக்கு மேல். பேச்சு இழுத்துக்கொண்டே போய், ஒப்பந்தம் ஆகவில்லை. விலை ஏன் இவ்வளவு என்றால், ஜப்பானே வைத்திருப்பது பத்துக்கும் குறைவு. வருஷத்துக்கு ஒன்று கூடத் தயாராகாத பொருளுக்கு உதிரி பாகமும் கைவேலை விலையில்தான் வரும்.

என் தாளில் விடை இப்படி வந்திருக்கிறது. பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஹோவர்கிராஃப்டும் ஹெலிகாப்டரும் வாங்கலாம். போர் வேலைக்கு எங்குமே வேண்டாம். அந்தமானுக்கு மீட்பு வேலைக்கென்று மட்டும் மூன்று நாலு, அதுவும் முதலில் வாடகைக்கு. 2020-ல் கடற்படை ஆளில்லாக் கண்காணிப்பு விமானம் இரண்டை அப்படித்தான் குத்தகைக்கு எடுத்து அரக்கோணத்தில் பறக்கவிட்டுப் பார்த்தது. பன்னிரண்டு வேண்டும் என்று வாதாட வருகிற பிள்ளையிடம், ஒன்பதாவது விமானம் செவ்வாய்க்கிழமை காலை என்ன செய்யும் என்று கேட்பேன்.

குத்தகை ஒப்பந்தம் எழுதினால் பறந்த மணி நேரத்தை மட்டும் எண்ணவிடாதீர்கள். திறந்த கடலில் எத்தனை தடவை இறங்கியது, அன்றைக்கு அலை எவ்வளவு, எழும்ப முடியாமல் எத்தனை தடவை விட்டுவிட்டு வந்தது என்று தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள். ஏரியில் இறங்கியதை அதில் சேர்க்கக்கூடாது. இரண்டு பருவக்காற்றும் முழுசாக அந்தப் பதிவுக்குள் வர வேண்டும். குத்தகைக் காலம் அதற்கேற்ப இருக்கட்டும், கழுவுகிற தண்ணீர்ச் செலவு யார் கணக்கில் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.